பதினான்காம் மாடிக்கு வந்த சமத்துவம்

“எங்கக்காகிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க?”

“அது வந்து… உங்களுக்குச் சம்மதம்னா…”

“அக்கா சொன்னுச்சு. நீங்க சொல்லலியே. உங்க வாய் என்ன, லீவுல போயிருச்சா?”

“இருக்கு.”

“அப்ப எதுவா இருந்தாலும் என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. ஆள் விட்டுக் கேக்குறது, சீட்டுல எழுதிக் கேக்குறது, அதெல்லாம் என்கிட்ட நடக்காது.”

பினாங்கு ஃபெர்ரியின் மேல்தளத்தில், முப்பது வருடங்களுக்கு முன்னால் நடந்த பேச்சு இது. இருவரும் அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். ஜூலியானா நிபோங் திபாலிலிருந்து பஸ் ஏறி வரும் பெண். வில்லியம் தீவிலிருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து கடல் தாண்டிப் போகும் பையன். அன்று அவள் தீவில் தோழி வீட்டுக்குப் போக ஃபெர்ரி ஏறியிருந்தாள். வில்லியம் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, கேட்டே விட்டான். அந்த நேரம் பார்த்து ஃபெர்ரி ஊதியது.

“கேக்கல. மறுபடியும் சொல்லுங்க” என்றாள் அவள்.

இரண்டாவது முறை சொன்னதும், “யோசிச்சுச் சொல்றேன்” என்றது அவள் வாய். ஆனால் இடது புருவம் மெல்ல மேலே ஏறி, அப்போதே சம்மதம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து வில்லியம் தன் மனைவியின் வாயை ஒரு தகவலுக்காகக் கேட்பார். முடிவைப் புருவத்தில்தான் பார்ப்பார்.

இப்போது அந்தப் புருவம் மெல்பர்னில் இருந்தது.

மகள் ஷேரனின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள் ஜூலியானா. பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது வீட்டில் இருக்கும் கைப்பேசிகளை எல்லாம் ஒளித்து வைக்கும் வயதை எட்டிவிட்டது. மூன்று மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை. போன வாரம் வீடியோவில் பேசும்போது ஜூலியானா சொன்னாள்: “என்னங்க, ஷேரன் எனக்கு இங்கயே தங்குறதுக்கு விண்ணப்பப் பாரம் போடுறேங்குது. சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பிருமாம். நீங்க என்ன சொல்றீங்க?”

வில்லியம் வாயைத் திறந்தார். படம் நின்றுவிட்டது.

அது ஒன்றும் புதிதல்ல. ஜெலுத்தோங் ஃபிளாட்டின் பதினான்காம் மாடியில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயும் கம்புக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பிடித்தால்தான் ஒரு கோடு சிக்னல் வரும். காற்று அடித்தால் அதுவும் போய்விடும். பேத்திக்குத் தாத்தா என்றால், பின்னால் ஈரச் சட்டை தொங்க, வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நிற்கும் ஒருவர். ஒருநாள் வில்லியம் அசைந்துவிட்டார். குழந்தை பயந்து அழுதது.

படம் நின்ற பிறகு வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தார். “வந்துரு” என்று எழுதினார். அழித்தார். அவள்தான் அன்றைக்கே சொல்லியிருக்கிறாளே, எழுதிக் கேட்பது நடக்காது என்று. கடைசியில் “உன் இஷ்டம்” என்று அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். கட்டைவிரலுக்குப் புருவம் இல்லை.

தொழிற்சாலையிலிருந்து பேசலாம் என்றால், கைப்பேசியை வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே அவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்றால், உலகத்து வீடுகளுக்கெல்லாம் இணையம் தரும் ரவுட்டர் பெட்டிகளைச் சரிபார்த்து அடுக்குகிறார். பிரேசிலுக்குப் போகிறது, போலந்துக்குப் போகிறது. ஜெலுத்தோங்குக்கு மட்டும் பெட்டி வந்து பிரயோஜனமில்லை, கம்பி வரவில்லை.

கம்பி ஏன் வரவில்லை என்று நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டார். “உங்க ஃபிளாட் நூறு சதவீதம் கனெக்டட்னு ரிப்போர்ட் இருக்கே, அங்கிள்” என்றது ஒரு பெண் குரல். “உங்க கீழ்த்தளத்துல இணையச் சமத்துவ மையம் இருக்குல்ல? மையம் இருக்குற கட்டடத்துல இணையம் இல்லாதவங்க இருக்க முடியாதுன்னு வாரியமே எழுதிக் குடுத்திருக்கு.”

இணையச் சமத்துவ வாரியத்தின் மையம் உண்மையிலேயே கீழ்த்தளத்தில்தான் இருந்தது. முன்பு கேரம் பலகை போட்டிருந்த அறை. இப்போது கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், இரண்டு பிளாஸ்டிக் பனைமரம், ‘எல்லாருக்கும் இணையம், எல்லாரும் சமம்’ என்ற பலகை. திறந்து பல மாதமாகியும் திறப்பு விழா நடக்கவில்லை. ஆகவே திறந்திருந்தாலும் திறக்கப்படவில்லை என்பது வாரியத்தின் நிலை.

கவுண்டரில் நூர் ஃபாத்திஹா இருந்தாள். பக்கத்து ஃபிளாட்டுப் பெண்தான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆன்லைன்ல பதிஞ்சுட்டு வரணும், அங்கிள்.”

“ஆன்லைன் இல்லன்னுதாம்மா இங்க வந்தேன்.”

“தெரியும் அங்கிள். உங்களுக்கு இணையம் இல்லன்னு நிரூபிக்கணும். நான் உங்க ஈமெயிலுக்கு ஒரு நம்பர் அனுப்புவேன்.”

“சரி.”

“அந்த நம்பர் வந்துச்சுன்னா உங்களுக்கு இணையம் இருக்குன்னு அர்த்தம். உங்களுக்குத் தகுதியில்ல.”

“வரலன்னா?”

“நம்பர் இல்லாம பதிய முடியாது.”

வில்லியம் பிளாஸ்டிக் பனைமரத்தின் வளைந்த ஓலையை நிமிர்த்திவிட்டார். “இதுவரைக்கும் எத்தன பேரு பதிஞ்சிருக்காங்க?”

“யாரும் இல்ல அங்கிள். அதனால யாருக்கும் குறைச்சல் இல்லன்னு சார் சொல்றாரு.”

சார் என்றால் தங்கராஜு, வாரியத்தின் மண்டலத் துணை இயக்குநர். தன் பெயரைக் கேட்டதுபோல் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். கழுத்தில் அட்டை, கையில் காப்பிக் கோப்பை, முகத்தில் பொதுமக்களைக் கண்டுவிட்ட மகிழ்ச்சி. வில்லியமுக்கு மூன்று பாதைகளை அவரே விளக்கினார்.

“தங்கப் பாதை, வெள்ளிப் பாதை, சமத்துவப் பாதை. வாரியம், வாரியத்துக்கு வேண்டியவங்க எல்லாம் தங்கம். கம்பெனிங்க வெள்ளி. மத்த எல்லாரும் சமத்துவம்.”

“அப்ப எல்லாரும் சமம் இல்லீங்களே?”

“சமத்துவப் பாதைக்குள்ள எல்லாரும் சமம்தான், அண்ணே. யாரையும் ஒருத்தர விட வேகமா போக விடமாட்டோம். பினாங்கு பாலத்துல மோட்டார் சைக்கிளுக்குத் தனி லேன் இருக்கா இல்லியா? அதுமாதிரி.”

“அந்த லேன்ல போனாலும் பிறை வந்துரும் சார். உங்க லேன்ல எங்கயெல்லாம் போகலாம்?”

தங்கராஜு விரல் விட்டுச் சொன்னார். வாரியத்தின் இணையப் பக்கம். டத்தோ பட்டம் பெற்ற வாரியத் தலைவரின் உரைகள். வானிலை. விழாச் செலவை ஏற்றுக்கொண்ட பேரங்காடியின் தள்ளுபடி விலைகள். புகார்ப் பக்கமும் இருக்கிறது. ஆனால் அது தங்கப் பாதையில் இருக்கிறது.

“என் வீட்டுக்காரிகிட்ட மூஞ்சி பாத்துப் பேசணும், சார். அவ்வளவுதான்.”

“என்ன விஷயமா?”

“விஷயம்… சொந்த விஷயம்.”

“அதுக்கெல்லாம் வகை இருக்கணுமே” என்று தங்கராஜு ஃபாத்திஹாவின் கணினியை எட்டிப் பார்த்தார். “விவசாயம், மீன்பிடி, சிறுதொழில், பேரிடர். இதுல உங்க மனைவி எது?”

வில்லியம் யோசித்தார். சமையலறைத் தொட்டியில் கிடக்கும் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பக்கத்தில் காலியாக இருக்கும் இடம் நினைவுக்கு வந்தது.

“பேரிடர்” என்றார்.

ஃபாத்திஹா அதையே பதிந்தாள். பேரிடர் வகைக்கு மட்டும் ஈமெயில் நம்பர் தேவையில்லை. வெள்ளத்தில் நிற்பவரிடம் நம்பர் கேட்கக்கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ விதி எழுதியிருந்தார்.

மறுநாள் காலை வாரியத்தின் பேரிடர் உதவிக்காரர்கள் இரண்டு பேர் பதினான்காம் மாடிக்கு வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க நின்றார்கள். ஆளுக்கொரு பெட்டி. ஒரு போர்வை, ஒரு டின் பிஸ்கட், மினரல் வாட்டர், ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்.

“தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு, பாக்சிக்?” என்று ஒருவன் மலாயில், பெரியவரை மாமா என்று அழைக்கும் மரியாதையோடு கேட்டான்.

“குழாய் வரைக்கும்” என்றார் வில்லியம்.

அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் கீழே, மிகக் கீழே, சந்தைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தார்கள். பொருளைத் திருப்பிக் கொண்டுபோக விதி இல்லை. லைஃப் ஜாக்கெட்டை அவருக்கு மாட்டி, ஒரு கையில் பிஸ்கட் டின்னைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வாரியத்தின் பக்கத்தில் வந்துவிட்டது: ‘சமத்துவ இணையத்தின் முதல் பயனாளி’.

அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி அதைத் தன் கைப்பேசியில் காட்டினாள். தோசை மாவு அரைத்து வாட்ஸ்அப்பில் விற்பவள். அவளுக்கும் அதே ஒரு கோடுதான். வெள்ளிக்கிழமை கேட்ட மாவுக்கான செய்தி திங்கட்கிழமை வந்து சேரும்.

“நம்ம மாடிக்கு மட்டும் எதுவும் வராது. இவங்க படம் மட்டும் பளிச்சுன்னு வருது பாருங்கண்ணே” என்றாள். “அந்த ஜாக்கெட் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு.”

“ஹைதர் கடை வைஃபையில பேசிப் பாக்கலாம்னு பாக்குறேன்” என்றார் வில்லியம்.

பேசிப் பார்த்தார். ஹைதரின் சாப்பாட்டுக் கடையில் இணையம் நன்றாகத்தான் ஓடும்; சமத்துவ மையத்தில் வேலை பார்க்கும் ஃபாத்திஹாவே ஈமெயில் அனுப்ப அங்கேதான் வருவாள். ஜூலியானாவின் முகம் திரையில் தெரிந்ததும் மூன்று மேசைகள் அமைதியாகிவிட்டன. தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த ஹைதர் தலையை உள்ளே நீட்டினார்.

“அக்கா, சொகமா? எப்ப வர்றீங்க? அண்ணன் இங்க டெய்லி மீ கோரெங் சாப்பிட்டு எளைச்சுப் போயிட்டாருலா.”

“பொரிச்ச நூடுல்ஸ் தின்னா எப்படித் தம்பி எளைப்பாரு?” என்றாள் ஜூலியானா.

நாலாவது மேசையில் ஒருவர் சிரித்தார். அத்தனை பேருக்கு முன்னால் வில்லியமால் கேட்க முடியவில்லை. “சும்மாதான் கூப்பிட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கராஜு அவரைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்தார். சனிக்கிழமை காலை திறப்பு விழா. தலைவர் டத்தோ வருகிறார். முதல் பயனாளி மேடையில் நின்று தங்கப் பாதையில், இரண்டு நிமிடம், வெளிநாட்டில் இருக்கும் மனைவியுடன் பேச வேண்டும்.

“மூஞ்சி தெரியுமா?” என்றார் வில்லியம்.

“பெரிய திரையில தெரியும், அண்ணே. நீங்க பேசவேண்டியத நாங்களே எழுதிட்டோம்.” ஒரு தாளை நீட்டினார். “உங்க மனைவி சொல்லவேண்டிய பதிலும் கீழ இருக்கு. அவங்களுக்கு அனுப்பிருங்க.”

வில்லியம் தாளைப் படித்தார். ‘வணக்கம் மனைவியே. இணையச் சமத்துவ வாரியத்தின் பெருமுயற்சியால் உன் முகம் தெளிவாகத் தெரிகிறது. தலைவர் டத்தோ அவர்களுக்கு நன்றி.’ அதற்குக் கீழே ஜூலியானாவின் பதில்: ‘ஆம் கணவரே. எனக்கும் மகிழ்ச்சி.’

வாழ்க்கையில் ஜூலியானாவின் பதிலை முன்கூட்டியே எழுதிவிடலாம் என்று நினைத்த முதல் மனிதர் தங்கராஜுதான். வில்லியமுக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், யாருக்கும் அனுப்பவில்லை.

சனிக்கிழமை காலை ஃபிளாட் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. ஹைதரின் கடையில் கைப்பேசியைக் காட்டிக் காசு கட்ட முடியாமல் வரிசை சாலை வரைக்கும் நின்றது. புஷ்பவள்ளியின் மாவு ஒன்றும் விலை போகவில்லை. பரீட்சைக்குப் படிப்பவர், வேலைக்கு மனுப் போடுபவர், காலையில் ஆஸ்பத்திரிக்கு நேரம் கேட்க வேண்டியவர் என்று எல்லா மாடிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி, என்ன ஆயிற்று என்று கேட்க மையத்துக்கு வந்தார்கள். வந்தவர்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு கொடியும் கறிபஃப்பும் கொடுத்தார்கள். கூடம் நிரம்பிவிட்டது. வாரியத்தின் வரலாற்றில் இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை.

தலைவர் டத்தோ மலாயில் பேசினார். தங்கராஜு அதைத் தமிழில் சொன்னார், தலைவர் சொன்னதைவிட நீளமாக.

“இணையம் இல்லாதவரின் வேதனையைத் தலைவர் அறிவார். அவர் வீட்டில் மூன்று லைன் இருந்தும், போன வாரம் கால்பந்து ஆட்டத்தின்போது ஒன்று நின்றுவிட்டது. அன்று இரவு முழுவதும் அவர் ஏழைகளை நினைத்துக்கொண்டிருந்தார்.”

கைதட்டல்.

“திறந்த இணையம் என்றால் எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள். உங்களுக்கு எது தேவை என்று வாரியமே தெரிந்து வைத்திருக்கும்போது, நீங்கள் எதற்காகத் தேடி அலைய வேண்டும்?”

“எங்க லைன் எங்க போச்சு?” என்று பின்வரிசையிலிருந்து புஷ்பவள்ளி கேட்டாள்.

தங்கராஜு புன்னகையுடன் அதற்கும் பதில் சொன்னார். “நல்ல கேள்வி. இன்று முதல் பயனாளியின் பாதையில் நெரிசல் வரக்கூடாது. அதனால் வட்டாரத்தில் எல்லாருடைய இணைப்பையும் ஏற்பாடு செய்து நிறுத்தியிருக்கிறோம். ஒருவர்கூட விடுபடவில்லை. சமத்துவம் என்பது இதுதான்.”

கைதட்ட இரண்டு பேர் கையைத் தூக்கி, யோசித்து, இறக்கிவிட்டார்கள்.

“அது எப்படிங்க?” புஷ்பவள்ளி எழுந்தே நின்றுவிட்டாள். “ரோடுன்னா எல்லாருக்கும் ரோடு. மாவு ஏத்திக்கிட்டுப் போறவ, ஆஸ்பத்திரிக்குப் போறவரு, பொண்டாட்டியப் பாக்கப் போறவரு, யாரு எதுக்குப் போறான்னு ரோடு கேக்குமா? நீங்க மட்டும் ஏன் கேக்குறீங்க?”

தலைவர் என்ன என்று விசாரித்தார். “இந்தப் பெண்மணி சாலை வசதி கேட்கிறார்” என்று மொழிபெயர்த்தார் தங்கராஜு. தலைவர் அன்போடு தலையசைத்து, அது வேறு இலாகா என்றார்.

பிறகு வில்லியமை மேடைக்கு அழைத்தார்கள். பெற்ற பிள்ளை மாதிரி பாதுகாத்து வைத்திருக்கும் டை ஒன்றைக் கட்டியிருந்தார். ஷேரன் கல்யாணத்துக்கு வாங்கியது. லைஃப் ஜாக்கெட்டையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். படத்தில் பார்த்த மக்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமாம். போட்டுக்கொண்டார். ஃபாத்திஹா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

ஜூலியானா வந்தாள்.

சுவர் முழுக்க வந்தாள். கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. காதோரம் இரண்டு நரை, அவருக்குத் தெரியாமல் வந்திருந்தது. புருவம் மட்டுமே ஓர் ஆள் நீளம் இருந்தது. படம் நிற்கவில்லை, உடையவில்லை, அசைந்துகொண்டே இருந்தது.

“என்னங்க இது?” என்றாள். “ஏன் மெத்தையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? பின்னால யாரு இத்தன பேரு?”

கூடம் சிரித்தது. தங்கராஜு பக்கத்தில் வந்து, “படிங்க அண்ணே” என்று கிசுகிசுத்தார்.

வில்லியம் தாளைப் பிரித்தார். “வணக்கம் மனைவியே” என்றார்.

புருவம் இறங்கியது. “ஒடம்புக்கு ஏதும் முடியலியா?”

“உன் முகம் தெளிவாகத் தெரிகிறது” என்று அடுத்த வரியைப் படித்தார். படித்ததும்தான் தாளில் எழுதியிருந்தது உண்மை என்று அவருக்கு உறைத்தது. நிஜமாகவே தெரிந்தது. கைப்பேசிக்குள் சுருங்காமல், முகம், முழுசாக, உயிரோடு. அதற்குப் பின்னால் ஒரு மேசையில் ஷேரனின் மடிக்கணினியும் தெரிந்தது. அதில்தான் சாயங்காலம் போகவேண்டிய விண்ணப்பப் பாரம் இருக்கும்.

“நன்றி சொல்லுங்க, நன்றி” என்றார் தங்கராஜு. “இன்னும் ஒரு நிமிஷம்தான் தங்கப் பாதை.”

வில்லியம் கூட்டத்தைப் பார்த்தார். ஹைதர் கடையின் நாலு மேசைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர் அவர். இங்கே ஃபிளாட்டே உட்கார்ந்திருந்தது, கறிபஃப் தின்றுகொண்டு.

“கேளுங்கண்ணே” என்றாள் பின்வரிசையிலிருந்து புஷ்பவள்ளி. என்ன கேட்கப் போகிறார் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அவள் வீட்டு ஜன்னலும் அடுத்தடுத்து இருந்தன. “எங்க எல்லார் லைனையும் புடுங்கி உங்களுக்குக் குடுத்திருக்காங்க. வீணாக்காதீங்க.”

வில்லியம் தாளை மடித்தார். லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவிழ்த்துக் கழற்றி, அருகில் நின்ற தலைவர் டத்தோவின் கையில் கொடுத்தார். வாயைத் திறந்தார்.

தாளை மடித்தால் நன்றி சொல்லி முடித்துவிட்டார் என்று பொருள் என, கொம்பாங் மேளக்காரர்களுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். பத்துப் பேர் ஒரே சமயத்தில் அடித்தார்கள். வில்லியமின் உதடு அசைந்தது. கூடத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கராஜு கையை வீசி வீசி மேளத்தை நிறுத்தினார்.

மெல்பர்னில் ஜூலியானா கைப்பேசியை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். சுவரில் இப்போது கண்ணும் புருவமும்தான் இருந்தன.

“கேக்கல” என்றாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. “மறுபடியும் சொல்லுங்க.”

வில்லியம் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரைக்கு எதிரே போய் நின்றார். பிடித்துக்கொள்ள இங்கே கம்பி எதுவும் இல்லை.

“ஜூலி, நான் உன் இஷ்டம்னு எழுதுனது பொய். எனக்கு நீ இல்லாம முடியல. வீட்டுக்கு வந்துரு.”

சுவரில் இடது புருவம் மெல்ல மேலே ஏறியது.